இருபத்து மூன்று உறைகள்

வேலைக்குச் சேருகிற எவரும்
முதல் நாளே ஒரு படிவம் நிரப்பவேண்டும்.
உங்களைக் கடத்திக்கொண்டு போனால்
இன்னும் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்று
நாங்கள் எப்படி அறிவது?
உங்களுக்கு மட்டுமே விடை தெரிந்த ஒரு கேள்வி எழுதுங்கள்.
விடையையும் எழுதி
உறையை ஒட்டித் தாருங்கள்.

வாங்கிப் பூட்டி வைப்பது என் வேலை.
உவர்மலை அலுவலகம், மாடியில் வானொலி அறை,
அலுமாரிச் சாவி என் கழுத்துச் சங்கிலியில்
மாதாவின் பதக்கத்தோடு உரசும்.

குலவீரசிங்கம் பேனை மூடியைக் கடித்தபடி
அரைமணி நேரம் இருந்தார்.
"எனக்கு மட்டும் தெரிஞ்சதெண்டு
ஒண்டும் இல்லையே தங்கச்சி.
எல்லாம் மனிசிக்கும் தெரியும்."

அவர் ஓட்டுவது தண்ணீர் பவுசர்.
கூரையில் ஆளுயர நீல எழுத்து,
மேலிருந்து பார்ப்பவனுக்கு
வாசிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில்.

காலை ஆறரைக்குப் பலகையில்
காந்தப் பொட்டுகளை நகர்த்துவேன்.
சிவப்பு, வெளியிலிருந்து வந்தவர்கள்.
நீலம், நாங்கள்.
தோப்பூருக்கு இரண்டு நீலம்.
ஈச்சிலம்பற்றுக்கு ஒரு சிவப்பு, மூன்று நீலம்.
மணிக்கொரு தரம் குரல் வரவேண்டும்.
"பேஸ், பேஸ், இது தங்கோ ஏழு. துறை தாண்டியாச்சு. ஓவர்."
"விளங்கிச்சு தங்கோ ஏழு. அடுத்தது ஒன்பதுக்கு. ஓவர்."

பரிபாஷை பேசக்கூடாது என்கிறது கையேடு.
ஆனாலும் கொதிக்கிற ஆவணி வெயிலில்
"இஞ்ச சரியான மழை, திரும்பி வாறம்" என்றால்
எனக்கு விளங்கும்.

கால்மணி பிந்தினால் நான் கூப்பிடவேண்டும்.
அரைமணி பிந்தினால் பொறுப்பாளருக்கு.
ஒரு மணி பிந்தினால் கொழும்புக்கு.
அதற்குப் பிறகு என்ன?
பக்கத்தைப் புரட்டினால்
அடுத்த அத்தியாயம்: வாகனப் பராமரிப்பு.

அன்று பத்து மணிக்கே கட்டளை வந்தது.
சிவப்புப் பொட்டுகள் அத்தனையும் கொழும்புக்கு.
ஹென்ரிக் என் கையைப் பிடித்தான், கண் கலங்கியது,
பொய்யில்லை.
மடிக்கணினியை மறந்துவிட்டு இறங்கி
மறுபடி ஓடிவந்து எடுத்துப் போனான்.
உள்ளூர்ப் பணியாளர் தத்தம் வீடுகளுக்குத் திரும்பலாம்
என்றிருந்தது மின்னஞ்சலில்.

நஸீஹாவின் வீடு மூதூரில்.
சண்டையும் மூதூரில்.
"எந்தப் பாதையால திரும்பிறது எண்டு
கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள், சிரித்தபடி.
பலகையில் 'வீடு' என்றொரு கட்டம் இல்லை.
ஓரத்தில் நானே ஒன்று கீறினேன்.
நீலம் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கியும்
ஒன்று மிஞ்சியது.

தங்கோ ஏழு
பதினொன்றுக்குக் கூப்பிடவில்லை.
பன்னிரண்டுக்கும் இல்லை.
ஒன்றரைக்கு
மூன்று பஸ் மாறி
சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி
ஞானமணி அக்கா வந்து நின்றா.
குடை, ஒரு போத்தல் தண்ணீர், வேறொன்றுமில்லை.
கீழே வாசலில் மான் ஒன்று
மண்மூட்டையின் சாக்கைத் தின்றுகொண்டிருந்தது.
அதையே பார்த்தபடி இருந்தா.

நாலு பத்துக்கு இரைச்சல் பிளந்தது.
"பேஸ்... பேஸ்..."
அவ்வளவுதான்.
குலவீரசிங்கமாக இருக்கலாம்.
அவருடைய வானொலியைக் கையில் வைத்திருக்கிற
எவனாகவும் இருக்கலாம்.

அலுமாரி திறந்தேன்.
இருபத்து மூன்றில் அவருடையதைத் தேடி
வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உறையைக் கிழித்தேன்.
கேள்வி என்ற இடம் வெறுமை.
விடை என்ற இடத்தில்
சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:
மனிசியைக் கேளுங்கோ.

ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டினேன்.
எந்தப் பொத்தான் என்று காட்டினேன்.
பெயர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது,
எல்லாம் சொன்னேன்.
தலையாட்டினா.
இரண்டு கையாலும் அதைப் பிடித்து
வாயோடு ஒட்டி,
"இஞ்சேருங்கோ,
காலமை கட்டித் தந்த சோறு
சாப்பிட்டனீங்களோ?"

ஓவர் சொல்லவில்லை.
விரலை எடுத்தால்தான்
அந்தப் பக்கத்துக் குரல் வரும்.
அது அக்காவுக்குத் தெரியும், சொல்லியிருக்கிறேன்.
நகம் வெளுக்க அமுக்கியபடியே நிற்கிறா.
எடுங்கோ அக்கா என்று
நானும் சொல்லவில்லை.